பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்கா விமான நிலையத்தையும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தையும் வரைபடத்தில் நேர்கோடு ஒன்றினால் இணைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டை ஊடறுத்து, ஏறத்தாழ மானிப்பாய்க்கும் கீரிமலைக்கும் மேலாகச் செல்கின்றது. பலாலி ஓடுபாதையிலிருந்து அது விலகிச் செல்வது ஆறேழு கிலோ மீற்றர் மாத்திரமே. விமானங்கள் இத்தகைய நேர்கோட்டை அச்சொட்டாகப் பின்பற்றுவதில்லை என்பது வேறு விடயம். ஆயினும் ஒன்றைச் சொல்லலாம். மானிப்பாயில் வசிக்கும் ஒருவர் சென்னைக்குச் செல்ல வேண்டுமாயின் முதலில் தெற்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோ மீற்றர் தரைவழியே பயணிக்க வேண்டும். பின்னர் விமானம் ஏறி, வந்த திசையிலேயே திரும்பி, ஏறக்குறையத் தனது வீட்டுக் கூரைக்கு மேலாகவே பறந்து சென்னையை அடைய வேண்டும். நான்கு தசாப்தங்களாக, அதாவது 2019 ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை, குடாநாட்டு மக்களின் சர்வதேசப் பயணம் இவ்வாறுதான் இருந்தது.

ஆகவே யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்ற கேள்விக்கு ஒரு விடை மட்டும் இருந்ததில்லை. விமான நிலையங்களின் அமைவிடங்களைக் கொண்டு கணக்கிட்டால் பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோ மீற்றர். பலாலிக்கும் கொழும்பின் இரத்மலானைக்கும் இடைப்பட்ட தூரம் 330 கிலோ மீற்றர். அதாவது குடாநாட்டவருக்குத் தலைநகர் கொழும்பும் தமிழகத்தின் தலைநகரும் ஏறக்குறையச் சம தூரத்தில் உள்ளன. திருச்சிராப்பள்ளி இவ்விரண்டையும் விட மிக அண்மையில், 185 கிலோ மீற்றர் தொலைவிலேயே உள்ளது. ஏ-9 வீதி வழியே யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் செல்லும் தூரத்தைவிட அது சற்றுக் குறைவு. மதுரையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன. சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியே 415 கிலோ மீற்றர் பறக்க வேண்டியிருக்க, பலாலிக்கோ 355 கிலோ மீற்றர்தான். தமது சொந்த மாநிலத்து மதுரையைவிட யாழ்ப்பாணம் தமக்கு அண்மையிலுள்ளது என்பதைச் சென்னைவாசிகளில் எத்தனை பேர் அறிவர்?

பூகோளம் வகுத்த தூரம் இது. அரசியல் வகுத்த தூரம் வேறு. தரைவழியே கட்டுநாயக்காவுக்கு 400 கிலோ மீற்றர். அங்கிருந்து சென்னைக்கு வான்வழியே 645 கிலோ மீற்றர். 355 கிலோ மீற்றர் பயணத்துக்காக ஆயிரம் கிலோ மீற்றருக்கு மேல் அலைய வேண்டியிருந்தது. இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணிநேரம், விமான நிலையத்தில் மூன்று மணிநேரக் காத்திருப்பு, விமானத்தில் ஒன்றேகால் மணிநேரம், இடையில் தங்குமிடச் செலவு எனக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு நாள் கரைந்துவிடும். நோயாளியை அழைத்துச் செல்பவர்களுக்கு அது ஒரு நாளில் முடியும் காரியமுமன்று.

இந்த நிலை தொன்றுதொட்டு இருந்து வந்ததன்று என்பதை இளந்தலைமுறையினர் பலர் அறியார். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காக அமைக்கப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னர் அது சிவில் போக்குவரத்துக்குப் பயன்படலாயிற்று. இலங்கையின் முதலாவது தேசிய விமான சேவையான எயார் சிலோன், 1947 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் திகதி தனது கன்னிப் பயணத்தை மேற்கொண்டபோது அதன் பாதை எதுவாக இருந்தது? இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அப்போது அழைக்கப்பட்ட பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குச் சென்றது அந்த டக்கோட்டா விமானம். நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கள் இருந்தன. இந்த நாட்டின் தேசிய விமான சேவை தனது முதலாவது பயணத்திலேயே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் வெளிநாடு சென்றது என்பது இன்று நினைவுகூரப்படுவதே இல்லை. பின்னர் திருச்சிக்கும் சேவைகள் நடைபெற்றன. காலையில் பலாலியில் விமானமேறித் திருச்சியில் அலுவல் முடித்துத் திரும்பிய வர்த்தகர்களையும், தமிழகக் கல்லூரிகளில் படித்து விடுமுறைக்கு வந்து சென்ற மாணவர்களையும் பற்றி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

1978 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 7 ஆம் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானை சென்றடைந்த எயார் சிலோனின் அவ்ரோ விமானம், பயணிகள் இறங்கிய பின்னர் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. தமிழ்ப் போராளி இயக்கத்தின் செயல் அது. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாளும் அதுவே. உயிரிழப்பு இல்லாவிடினும் யாழ்ப்பாணத்து வான்பாதை அதன் பின்னர் முன்போல இருக்கவில்லை. அடுத்த ஆண்டு எயார் சிலோனின் இடத்துக்கு எயார் லங்கா வந்தது. கட்டுநாயக்கா நாட்டின் ஒரே வாசலாயிற்று. எண்பதுகளில் பலாலி முற்றுமுழுதாகப் படைத்தளமாகியது. 1987 ஜூலை உடன்படிக்கையின் பின்னர் இந்தியப் படையினர் வந்திறங்கியதும் அங்குதான். சென்னைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல ஒரு விமானமும் இல்லாத காலத்தில், அதே ஓடுபாதையில் இரு நாடுகளின் இராணுவ விமானங்கள் தடையின்றி இறங்கி ஏறின.

தொண்ணூறுகளில் ஏ-9 வீதி மூடப்பட்டிருந்த நிலையில், யாழ்ப்பாணம் படையினர் வசம் வந்த பின்னர் இரத்மலானைக்கான பயணிகள் சேவை தொடங்கியது. வேறு வழியற்ற மக்கள் அதை நம்பினர். 1998 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம் சில நிமிடங்களில் மன்னார்க் கடற்பரப்பில் மறைந்தது. பயணிகளும் ஊழியர்களுமாக அதிலிருந்த 55 பேரும் பலியாகினர். விடுதலைப் புலிகளின் ஏவுகணைத் தாக்குதலிலேயே அது வீழ்ந்ததெனப் பின்னைய விசாரணைகள் கூறின. பல ஆண்டுகள் கழிந்து இரணைதீவுக்கு அண்மித்த கடலடியிலிருந்து சிதைவுகள் மீட்கப்பட்டபோது, எஞ்சிய உடைகளை வைத்துத் தமது உறவுகளை அடையாளங்காண முயன்ற குடும்பங்களை யாழ்ப்பாணம் கண்டது. ஒரு மணிநேரப் பயணத்துக்குப் பதினைந்து ஆண்டுகளாக விடை தெரியாதிருந்த குடும்பங்கள் அவை.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் மூச்சு வந்தது. 2006 ஓகஸ்ட்டில் அது மீண்டும் மூடப்பட்டபோது அந்த மூச்சு நின்றது. அதன் பின்னரான மூன்றாண்டுகளில் கொழும்பு செல்வதற்குப் படைத்தரப்பின் அனுமதி வேண்டியிருந்தது. கப்பலுக்கோ விமானத்துக்கோ நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. இரத்மலானைக்கான பறப்பு நேரம் ஒரு மணிநேரம் என்று பயணச்சீட்டில் எழுதியிருந்தது. அனுமதி கிடைக்க எத்தனை நாள் என்பதைப் பயணச்சீட்டு சொல்லவில்லை. இக்காலத்தில் சத்திரசிகிச்சைக்குச் செல்ல முடியாமலும், நேர்முகப் பரீட்சைக்குத் தோற்ற முடியாமலும், பெற்ற பிள்ளையின் திருமணத்தைப் புகைப்படத்தில் மாத்திரம் பார்த்தும் வாழ்ந்தவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர்.

இவ்வளவுக்கும் பிறகே 2019 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க ஆகியோரால் திறந்து வைக்கப்பட்டது. நவம்பர் 11 ஆம் திகதி அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்கான சேவையை ஆரம்பித்தது. நான்கு மாதங்கள் கூட நிறைவுறாத நிலையில் கொரோனாத் தொற்று வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட சேவை 2022 டிசம்பர் 12 ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது. கட்டுநாயக்கா திறக்கப்பட்டுப் பல மாதங்கள் சென்ற பின்னரும் பலாலி மூடியே கிடந்ததற்குப் பொருத்தமான விளக்கம் எதுவும் மக்களுக்குத் தரப்படவில்லை. 2024 செப்ரெம்பர் 1 ஆம் திகதி முதல் இன்டிகோ நிறுவனம் சென்னைக்கான சேவையில் இணைந்தது. 2025 மார்ச் 30 ஆம் திகதி திருச்சிக்கான சேவையும் தொடங்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின்னர் திருச்சி மீண்டும் ஒரு மணிநேரத் தொலைவுக்கு வந்தது.

இவ்விடத்தில் பறப்பு நேரம் பற்றிச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும். பலாலி - சென்னைப் பயணத்துக்கு அட்டவணையில் ஒதுக்கப்படும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. கட்டுநாயக்கா - சென்னைப் பயணத்துக்கும் ஏறத்தாழ அதே நேரம்தான். ஒன்று 355 கிலோ மீற்றர், மற்றையது 645 கிலோ மீற்றர். தூரம் ஏறக்குறையப் பாதி. நேரம் மாத்திரம் குறையவில்லை. ஏன்?

காரணம் விமானத்தின் வகை. கட்டுநாயக்காவிலிருந்து செல்பவை மணிக்கு 800 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும் ஜெட் விமானங்கள். பலாலிக்கு வந்த ஏ.ரி.ஆர். 72 ரகமோ இரு சுழல்விசிறிகளால் இயங்குவது. அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோ மீற்றர். ஆசனங்கள் எழுபது அல்லது சற்றுக் கூடுதல். அட்டவணை நேரமென்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கும் கணம் முதல் மறுமுனைத் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரம், மேலெழும் நேரம், சென்னை போன்ற நெரிசலான நிலையத்தில் இறங்குவதற்கு வரிசையில் சுற்றும் நேரம் ஆகிய யாவும் அதில் அடங்கும். இவை தூரத்தோடு குறைவதில்லை. திருச்சிப் பயணத்தில் 185 கிலோ மீற்றருக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட்டமைக்கும் இதுவே காரணம். அதில் வானில் கழிவது முக்கால் மணிக்கும் குறைவாகவே இருக்கும்.

கட்டணமும் அவ்வாறே. தூரம் குறைந்தால் கட்டணமும் குறையும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் விமான நிலைய வரி, தரையிறங்கு கட்டணம், தரைச் சேவைச் செலவு என்பன கிலோ மீற்றர் கணக்கில் அறவிடப்படுவனவல்ல. அவற்றை 180 பேரிடம் பகிர்ந்து அறவிடுவதற்கும் 70 பேரிடம் அறவிடுவதற்கும் வேறுபாடு உண்டு. அரைவாசித் தூரத்துக்கு ஏறக்குறைய முழுக் கட்டணம் செலுத்த நேர்வதாகக் குடாநாட்டுப் பயணிகள் அங்கலாய்ப்பதன் அடிப்படை இதுதான்.

1947 இல் வந்த டக்கோட்டா மணிக்கு 300 கிலோ மீற்றர் அளவு வேகத்தில் பறந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் பலாலியிலிருந்து சென்னைக்கு அது ஒன்றரை மணிநேரம் எடுத்திருக்கும். முக்கால் நூற்றாண்டு விமானவியல் முன்னேற்றம் யாழ்ப்பாணத்தவருக்குப் பெற்றுத் தந்த இலாபம் வெறும் கால் மணிநேரம்!

ஜெட் விமானம் வராமைக்கு நெடுஞ்சாண்கிடையான காரணம் ஒன்று உண்டு. அது ஓடுபாதை. ஏ.ரி.ஆர். ரக விமானத்துக்கு முழுப் பாரத்தோடு மேலெழ 1,300 மீற்றர் அளவு போதும். எயார் பஸ் 320 போன்றவற்றுக்கு 2,000 மீற்றருக்கு மேல் வேண்டும். பலாலியின் ஓடுபாதை 1,400 மீற்றர் அளவில் செப்பனிடப்பட்டு, பின்னர் 2,300 மீற்றராக மேம்படுத்தப்படும் என்பதே 2019 இல் வெளிப்படுத்தப்பட்ட திட்டம். இந்தியாவும் உதவி வழங்க முன்வந்திருந்தது. அதன் பின்னர் ஆட்சிகள் மாறின; ஒவ்வோர் ஆட்சியிலும் அமைச்சர்கள் பலாலிக்கு வந்தனர்; ஓடுபாதையைப் பார்வையிட்டனர்; விரைவில் பெரிய விமானங்கள் வருமென்று கூறிச் சென்றனர்.

ஒப்பீடு ஒன்றைத் தவிர்க்க இயலவில்லை. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையத்தின் ஓடுபாதை 3,500 மீற்றர். சீனக் கடனோடு 200 மில்லியன் டொலருக்கு மேல் செலவிட்டு அமைக்கப்பட்ட அந்நிலையத்துக்கு எந்த ரக விமானமும் வரலாம். பயணிகள்தான் வரவில்லை. தேசிய விமான சேவையே 2015 ஜனவரியில் அங்கிருந்து விலகிக் கொண்டது. பயணிகள் இல்லாத இடத்தில் மூன்றரைக் கிலோ மீற்றர் ஓடுபாதையும், பயணிகள் உள்ள இடத்தில் அதன் அரைவாசிக்கும் குறைவான ஓடுபாதையும் அமைந்தமைக்குப் பொறியியல் காரணம் எதுவும் இருக்க முடியாது. தெற்கின் அபிவிருத்தியை நாம் எதிர்க்கவில்லை. அம்பாந்தோட்டை மக்களும் அந்தக் கடனைத்தான் சுமக்கின்றனர்.

ஓடுபாதை நீள வேண்டும் என்று எழுதும்போதே எமது எழுதுகோல் சற்றுத் தயங்குகின்றது. அது யாருடைய காணியில் நீளும்?

பலாலி, வசாவிளான், மயிலிட்டி, கட்டுவன் முதலான வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் 1990 ஆம் ஆண்டு யுத்தத்தோடு இடம்பெயர்ந்தவர்கள். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைந்த செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2013 இல் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் மரங்களிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் சென்றனர். 2015 இன் பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் திறந்துவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் பலாலி - வசாவிளான் வீதி மூன்று தசாப்தங்களுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டது. இன்னமும் முட்கம்பி வேலிக்கு இப்பால் நின்று தமது கிணற்றடியையும் கோயிலையும் எட்டிப் பார்ப்பவர்கள் இருக்கின்றனர். வேலிக்கு அப்பால் படையினர் பயிர் செய்வதாக அவர்கள் தொடர்ந்து முறையிட்டு வந்துள்ளனர்.

விமான நிலைய விஸ்தரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் இம்மக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. 'அபிவிருத்தி வேண்டுமா, காணி வேண்டுமா?' என்ற கேள்வி அவர்கள் முன் வைக்கப்படுமோ என்பதே அவர்களது அச்சம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவரின் வசதிக்கும், அகதி முகாமில் முதுமையடைந்த தோட்டக்காரரின் உரிமைக்கும் இடையில் ஒரு போட்டி ஏற்படுத்தப்படுவது அநீதியானது. விமான நிலையத்துக்கு உண்மையில் தேவைப்படும் நிலப்பரப்பு எவ்வளவு, படைமுகாமுக்கென வைத்திருக்கப்படுவது எவ்வளவு என்பது நில அளவை வரைபடத்தோடு பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். சிவில் விமான நிலையத்தின் பெயரால் படைமுகாமின் எல்லை நிரந்தரமாவதை ஏற்க முடியாது. 2,300 மீற்றர் நீளமான ஒரு பாதைக்கும் அதன் பாதுகாப்பு விளிம்புகளுக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவையில்லை என்பதை அறிவதற்குப் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை. ஓடுபாதைக்கு இன்றியமையாத காணிக்குச் சந்தைப் பெறுமதியில் நட்டஈடோ மாற்றுக் காணியோ வழங்கி, எஞ்சியதை விடுவிப்பதில் எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

வடபுல முஸ்லிம்களின் தூரக் கணக்கு இதிலும் வேறானது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் அதனைச் சூழவும் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் வழங்கிய அவகாசம் இரண்டு மணிநேரம். பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த மண்ணைவிட்டு, கையில் சில நூறு ரூபாவுடன் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000. அவர்களில் பெரும்பாலானோர் சென்று சேர்ந்த புத்தளம், பலாலியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 195 கிலோ மீற்றர். திருச்சியின் தூரத்துக்கு ஏறக்குறையச் சமமானது. அந்த 195 கிலோ மீற்றரைத் திரும்பிக் கடப்பதற்குப் பலருக்கு இருபது ஆண்டுகள் சென்றன. பலர் இன்னும் கடக்கவில்லை. திரும்பியோர் கண்டது கூரையற்ற வீடுகளையும் கைமாறிய காணிகளையுமே. முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. தமிழர் தரப்பு இந்த வரலாற்றை வலிகாமம் வடக்கின் வரலாற்றோடு சேர்த்துப் பேசாதவரை, காணியுரிமை பற்றிய அதன் குரலில் ஒரு சுருதி குறைவாகவே ஒலிக்கும்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் வர்த்தகமும் பலாலி வான்பாதையும் தொடர்பற்றவையல்ல. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களோடு இலங்கை முஸ்லிம்களுக்குக் கொள்வினை கொடுப்பினையும் வணிகமும் நெடுங்காலமாக உண்டு. நாகூர்க் கந்தூரிக்குப் பாய்க்கப்பலில் சென்ற பாட்டன்மாரின் பேரர்கள் விமான நிலையம் வழியே கொழும்பு சென்று சுற்றி வர வேண்டியவராயினர். திருச்சியில் இறங்கினால் நாகூர் ஏறத்தாழ 150 கிலோ மீற்றர் தரைவழிப் பயணம். திருச்சியிலிருந்து வளைகுடா நகரங்களுக்கும் சிங்கப்பூர், கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் செல்கின்றன. மன்னார், எருக்கலம்பிட்டி, கிளிநொச்சி எனப் பல இடங்களிலிருந்தும் வளைகுடாவுக்குத் தொழில் தேடிச் செல்பவர்கள், மத வேறுபாடின்றி, பலாலி - திருச்சி வழியே ஒரே பயணச்சீட்டில் செல்லக்கூடிய ஏற்பாடு செய்யப்படுமாயின், அந்தச் சிறு விமானம் ஒருபோதும் வெறுமையாகப் பறக்காது. சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறக்கப்பட்ட பின்னர் மன்னாரிலிருந்து பலாலி, கட்டுநாயக்காவைவிட மிக அண்மையாகிவிட்டது என்பதும் கவனத்திற்குரியது.

தூரம் என்பது இறங்கிய பின்னரும் முடிவதில்லை. 2025 மே மாத இறுதியில், ஐக்கிய நாடுகள் அகதிகள் முகவரகத்தின் ஏற்பாட்டில் தமிழகத்திலிருந்து சட்டபூர்வமாகத் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலியில் வைத்துக் கைது செய்யப்பட்டார். முன்னர் கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்பதே குற்றச்சாட்டு. குண்டுக்குத் தப்பிப் படகேறிய ஒருவர் குடிவரவு முத்திரை பெற்றா சென்றிருப்பார்? கண்டனங்கள் எழுந்ததும், பழைய சட்டம் இயந்திர ரீதியில் பிரயோகிக்கப்பட்டதாகவும் கொள்கையில் மாற்றம் செய்யப்படும் எனவும் அரச தரப்பில் கூறப்பட்டது. தமிழக முகாம்களில் பல்லாயிரக்கணக்கானோர் உள்ளனர். இரு விமான நிலையங்களுக்கு இடையே ஒன்றேகால் மணிநேரத்தில் வந்து சேரலாம் என்பதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள், அந்தக் கைதுச் செய்தியையும் அதே நாளில் கேட்டனர். அமைச்சரின் வாய்மொழி போதாது. குடிவரவுச் சட்டத்தில் எழுத்தில் விலக்கு அளிக்கப்பட வேண்டும்.

கடல்வழிச் சேவையும் இத்தகைய நம்பிக்கைகளோடுதான் ஆரம்பிக்கப்பட்டது. 2023 ஒக்டோபர் 14 ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கிய கப்பல் சில நாட்களிலேயே நின்றது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் வேறொரு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. 110 கிலோ மீற்றர் தூரம், நான்கு மணிநேரம். வாடைக் காற்றுக் காலத்தில் கடல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. பொதிகளோடு செல்லும் சிறு வியாபாரிக்குக் கப்பலும், நோயாளிக்கும் மாணவருக்கும் விமானமும் எனப் பயன்கள் பிரிந்து அமைவதால் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. இரண்டும் வேண்டும்.

கொழும்பில் 2024 இல் பதவியேற்ற அரசாங்கத்துக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு நாடாளுமன்ற ஆசனங்களில் மூன்று கிடைத்தன. தெற்கைத் தளமாகக் கொண்ட கட்சியொன்றுக்குக் குடாநாட்டில் முன்னொருபோதும் கிடைத்திராத ஆதரவு அது. புதுடில்லியும் தன் பங்குக்குப் பலாலியில் காட்டும் அக்கறை மனிதாபிமானம் மட்டுமன்று என்பதை எவரும் அறிவர். வட இலங்கையில் வேறு வல்லரசுகள் காலூன்றக்கூடாது என்ற கணிப்பும் அதிலுண்டு. அதனால் எமக்கு நட்டமில்லை. எவரது கணிப்பில் அமைந்தாலும் ஓடுபாதையில் இறங்கப் போகிறவர்கள் எமது மக்கள்தான். கொழும்பின் தயக்கமும் அந்தப் பூகோள அரசியலில் இருந்தே பிறக்கின்றது. சென்னை அண்மையாவதை யாழ்ப்பாணம் தூரமாவதாகக் கருதும் ஒரு மனப்பாங்கு தென்னிலங்கையில் உண்டு. சென்னைக்கு நேரடி விமானம் இல்லாத நாற்பது ஆண்டுகளில்தான் யாழ்ப்பாணம் கொழும்பிலிருந்து வெகுதூரம் சென்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஓடுபாதைப் பணி நிறைவுறும் வரை செய்யக்கூடியவை பல. நாளொன்றுக்கு ஒரு முறை என்பதை இருமுறையாக்கினால் ஒரே நாளில் சென்று திரும்பலாம். யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி முனையம் வரை விமான நேரத்துக்கு ஏற்ற பஸ் சேவை ஒழுங்காக நடைபெற வேண்டும். இரத்மலானைச் சேவை சிறு விமானங்களோடு வருவதும் நிற்பதுமாக இல்லாமல் நிலையான அட்டவணை பெற வேண்டும். மட்டக்களப்பையும் பலாலியையும் இணைக்கும் சேவையொன்றைப் பற்றி எவரும் பேசுவதாகவே தெரியவில்லை. வான்வழியே 290 கிலோ மீற்றர்தான். தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழும் வடக்குக்கும் கிழக்குக்கும் இடையில் பயணிப்போர் இரவிரவாகப் பஸ்ஸில் அலைகின்றனர்.

நாளுக்கு ஒரு விமானம் என்ற நிலையில், சென்னையில் உறவினர் ஒருவர் இறந்த செய்தி அன்றைய விமானம் புறப்பட்ட பின்னர் வந்து சேருமாயின், மானிப்பாயிலோ சோனகத் தெருவிலோ உள்ள குடும்பத்துக்கு அடுத்த நாள் விமானம் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியொன்று உண்டு. அது இரவு எட்டு மணிக்குக் கொழும்புக்குப் புறப்படும் பஸ். ஜனாஸா நல்லடக்கம் காத்திராது. தகனக் கிரியையும் நீண்டு காத்திராது. ஆகவே அவர்கள் அந்தப் பஸ்ஸில்தான் ஏறுகின்றனர்; விடியற்காலையில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, கீரிமலைக்கு மேலாகச் சென்னைக்குச் செல்கின்றனர்.